ஆடுறதை நிறுத்தினா நடன வாழ்க்கை முடிஞ்சுதா? ருக்மிணி தேவி போன இரண்டாவது பாதை

அரங்கேற்றம் முடிஞ்சாச்சு, காலேஜ் வந்தாச்சு, சலங்கை பீரோவுக்குள்ள போயாச்சு. நாகர்கோவில் தொடங்கி சென்னை வரை, பரதம் கற்ற பல பிள்ளைகளின் கதை இப்படித்தான் முடிகிறது. ஆனால் ஆடுவது இந்தத் துறையின் பாதிதான். மீதிப் பாதி என்ன? பார்க்கலாம்.

பாலேயில் எப்படி?

உடலை வருத்தும் கலை என்பதால், பாலே கலைஞர்கள் பலர் 40 வயதையொட்டி மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். பிறகு சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள். சிலர், தாங்கள் ஆடிய படைப்பைப் புதிய குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து மேடையேற்றுகிறார்கள். ஜார்ஜ் பாலன்சினின் பாலேக்களை ஆட விரும்பும் குழுக்களுக்கு, அவர் பெயரிலான அறக்கட்டளை அனுமதியோடு பயிற்றுநரையும் அனுப்புகிறது. வீடியோ இருந்தாலும், ஆடினவங்க சொல்லிக்கொடுத்தால்தான் நுணுக்கம் பிடிபடும்.

தமிழ்நாட்டில் யார்?

1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், முதலில் கற்றது பாலேதான். ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால், அவரது குழுவின் கிளியோ நோர்டியிடம் பயின்றார். உங்கள் நாட்டுக் கலையையும் தேடுங்கள் என்றார் பாவ்லோவா. அதன்பின் மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் பரதம் கற்று, 1935-ல் மேடையேறினார். அப்போது வயது 31!

ஆடியதோடு நின்றாரா?

இல்லை. அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1944-ல் திருக்குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். 1955 முதல் 1970 வரை ராமாயணத்தை ஆறு பாகங்களாக மேடையேற்றினார். திருவட்டாறு கோயில் விழாவில் கதகளி பார்த்த குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு, இந்த நாடகங்களில் அதன் சாயல் தெரியும். அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் என்ற கதகளி ஆசான்கள் அங்கே பாடம் நடத்தியவர்கள்.

பரதத்தை அவர் மாற்றியமைத்த விதத்தை, பரம்பரைக் கலைஞரான பாலசரஸ்வதி ஏற்கவில்லை. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

என்ன கத்துக்கணும்?

ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது. தாளத்தைக் கையில் பிடிக்கும் நட்டுவாங்கம், பாட்டு, ஒப்பனை, மேடை ஒளி, பிறர் உடலில் உள்ள தவறைக் கண்டுபிடிக்கும் கண் எல்லாம் வேண்டும்.

1986-ல் ருக்மிணி தேவி மறைந்தார். அவர் அமைத்த நாடகங்களை கலாக்ஷேத்ரா மாணவர்கள் இன்றும் ஆடுகிறார்கள். காரணம், ஆடியவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பீரோவில் இருக்கும் சலங்கைக்கும் இன்னும் வேலை இருக்கு!