சோலைக்கிளியின் வழியை அடைத்தது எது?

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலையும் மேற்கே ஏலமலையும் நிற்கின்றன. தேனிக்கு வடக்கே பழனி மலைத்தொடர். இம்மலைகளின் உச்சிச் சோலைகளில் வாழ்கிறது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் இது சிட்டுக்குருவி அளவுள்ள, கருநீல உடல் கொண்ட பாடும் பறவை. ஓடைக்கரை இருட்டில் தத்தித் தத்திச் சருகுகளுக்கிடையே பூச்சி தேடும். கரைமண் பொந்திலோ மரப்பொந்திலோ கூடு வைக்கும். விடியலிலும் அந்தியிலும் சீழ்க்கையாகப் பாடும். பழனி மலையில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் சேகரித்த பறவையைக் கொண்டு 1868இல் பிளான்ஃபோர்டு என்ற இயற்கையியலாளர் இதற்கு அறிவியல் பெயரிட்டார். நீலகிரிச் சோலைக்கிளியையும் இதையும் ஒரே இனமாகவே நெடுங்காலம் எண்ணினார்கள். பாலக்காட்டுக் கணவாய் இவ்விரண்டையும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துவிட்டதை மரபணு ஆய்வுகள் காட்டின. 2017இல் இவற்றுக்கென்றே தனிப் பேரினம் வகுக்கப்பட்டது.

அந்தப் பிரிவு இயற்கை செய்தது. இப்போது நடப்பது நாம் செய்யும் பிரிவு என்பதே என் வாதம். மேகமலையில் தேயிலைக்காகக் காடு திருத்தப்பட்டது. பழனி மலையில் வாட்டில் மரமும் தைலமரமும் உருளைக்கிழங்கும் வந்தன. பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதமும் சோலையில் 31 சதவீதமும் 1973க்கும் 2014க்கும் இடையில் அழிந்தன என்கிறது 2018இல் வெளிவந்த ஆய்வு. சோலைகள் என்றைக்குமே புல்வெளிக்கு நடுவே திட்டுத்திட்டாகத்தானே இருந்தன, பறவைக்குப் புதிதாக என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய திட்டுகளை ஓடையோரக் காடு ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்தது. பறவை வெளியில் வராமலே இடம் மாறியது. மனிதர் அண்மையில் காட்டைத் துண்டாடியதன் தடம் இப்பறவையின் மரபணுவிலும் பழனிச் சிரிப்பான் என்ற மற்றொரு பறவையின் மரபணுவிலும் பதிந்திருப்பதை 2015 ஆய்வு கண்டது. தேயிலைத் தோட்ட ஓரத்திலும் இது தென்படுகிறதே என்பார் உண்டு. தென்படும், அருகில் நீரோடும் சோலைத் துண்டு இருக்கும் இடத்தில்தான். தேயிலைச் செடிகளுக்குக் கீழே அதற்குச் சருகு மெத்தையும் இல்லை, கூடு வைக்கப் பொந்தும் இல்லை.

மேகமலை 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது நல்ல செய்தி. ஆனால் புலிக்குப் போதுமான காடு இந்தப் பறவைக்குப் போதுமானது என்று கொள்ள முடியாது. புலி மலை தாண்டும். சோலைக்கிளி ஒரு தேயிலைச் சரிவைத் தாண்டத் தயங்கும். ஆகவே மரம் நடுகிறோம் என்று புல்வெளியில் குழி தோண்டுவதை வனத்துறை அனுமதிக்கக் கூடாது. தோட்டங்களுக்குள் ஓடும் ஒவ்வொரு ஓடையின் இரு கரையிலும் சோலை மரங்கள் மீண்டும் எழ, தோட்ட நிர்வாகங்கள் இடம் விட வேண்டும்.