கொடுக்கிணைப்பும் துளிக்கணக்கும்: உலோக அயனிகளை அளக்கும் தரம்பார்த்தல்

அளவு தெரியாத ஒரு பொருளின் கரைசலைக் கூம்புக் குடுவையில் வைத்து, செறிவு தெரிந்த வேறொரு கரைசலைப் பியூரெட்டிலிருந்து துளித்துளியாக அதில் சேர்த்து, வினை முற்றுப்பெறும் கணத்தில் செலவான கன அளவைக் கொண்டு முதற்பொருளின் அளவைக் கணக்கிடும் முறையே தரம்பார்த்தல் எனப்படுகிறது. அமிலத்தையும் காரத்தையும் அளப்பதில் இம்முறை விரைவில் வேரூன்றியது. நீரிலும் தாதுக்களிலும் கலப்புலோகங்களிலும் உள்ள உலோக அயனிகள் பலவற்றுக்கோ, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது எட்டாமலே இருந்தது. ஏறத்தாழ எல்லா உலோகங்களையும் பற்றிக்கொள்ளும் ஒரு வினைப்பொருள் கிடைத்தபோது பாதித் தடை நீங்கியது. எல்லாவற்றையும் பற்றுவதை, வேண்டிய ஒன்றை மட்டும் பற்றுமாறு கட்டுப்படுத்தக் கற்றபோதுதான் மீதித் தடையும் நீங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளரிடம் சில உலோகங்களுக்குத் தனித்தனி வழிகள் இருந்தன. வெள்ளியை ஈயத்தோடு உலையில் உருக்கிப் புடமிட்டுத் தரம் காணும் பழைய வழக்கத்துக்கு மாற்றாக, அதை அமிலத்தில் கரைத்துச் சோடியம் குளோரைடு கரைசலால் அளக்கும் முறையைப் பிரான்சின் கே-லூசாக் 1832இல் வெளியிட்டார். இரும்பைப் பெர்மாங்கனேட்டால் அளக்கலாம் என 1846இல் மார்கரித் காட்டினார். முன்னது வீழ்படிவையும் பின்னது ஆக்ஸிஜனேற்றத்தையும் நம்பியவை. கடின நீருக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் இவ்விரு வழிகளுக்கும் எளிதில் இணங்கவில்லை. அபர்டீன் நகரின் தாமஸ் கிளார்க் வகுத்த சோப்புக் கரைசல் முறையில், குலுக்கிய நீரில் நுரை நிலைத்து நிற்கும் வரை சோப்பு சேர்க்கப்பட்டது. அது எளிதாயினும் துல்லியம் குறைந்தது. துல்லியம் வேண்டியவர் கால்சியத்தை ஆக்ஸலேட்டாகவும் மக்னீசியத்தை அம்மோனியம் பாஸ்பேட்டாகவும் வீழ்படியச் செய்து, வடிகட்டி, கழுவி, சுட்டெரித்து எடைபோட வேண்டியிருந்தது.

உலோக அயனியைச் சூழ்ந்து பிணைந்து அணைவுச் சேர்மத்தை உண்டாக்கும் மூலக்கூறுகள், அதாவது ஈனிகள், அக்காலத்திலும் அறியப்பட்டவையே. சயனைடை வெள்ளி நைட்ரேட்டால் அளக்கும் முறையை லீபிக் 1851இலேயே தந்திருந்தார். எனினும் அம்மோனியா போன்ற எளிய ஈனிகள் தரம்பார்த்தலுக்கு உதவவில்லை. தாமிர அயனி நான்கு அம்மோனியா மூலக்கூறுகளை ஒரே மூச்சில் ஏற்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, வலிமையில் பெரிதும் வேறுபடாத படிகளில் ஏற்கிறது. அதனால் கட்டற்ற உலோகத்தின் செறிவு சிறிது சிறிதாகவே சரிகிறது. வினை முடிந்ததைக் காட்டும் செங்குத்தான வீழ்ச்சி எங்கும் தோன்றுவதில்லை. உலோகத்தை ஒரே படியில் முழுமையாகப் பற்றும் ஈனியே தேவைப்பட்டது.

ஒரே மூலக்கூறு பல இடங்களால் உலோகத்தைப் பற்றி வளையம் அமைக்கும் பிணைப்புக்கு, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1920இல் மார்கனும் ட்ரூவும் பெயர் சூட்டினர். தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் 'கொடுக்கிணைப்பு' என்னும் கலைச்சொல் அந்த உருவகத்தை அப்படியே காக்கிறது. இவ்வகை ஈனிகளில் தலையாயது, ஈ.டி.டி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் எத்திலீன் டைஅமீன் டெட்ரா அசிட்டிக் அமிலம். இதை 1930களில் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் முன்ஸ் உருவாக்கியபோது நோக்கம் அளவீடு அன்று; நீரிலுள்ள கால்சியம் துணிச் சாயத்தைக் கெடுக்காமல் தடுப்பதே. அதன் நான்கு கார்பாக்சில் தொகுதிகளும் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஆறு முனைகளால் உலோகத்தைக் கவ்வி, ஐந்து வளையங்களை அமைக்கின்றன. உலோகத்தின் மின்சுமை இரண்டாயினும் மூன்றாயினும் நான்காயினும் ஓர் அயனிக்கு ஒரு மூலக்கூறு என்பதே கணக்கு.

தொழிற்சாலைப் பொருளாக இருந்த இதை அளவீட்டுக் கருவியாக்கியவர் சுவிட்சர்லாந்தின் கெரோல்ட் ஸ்வார்சன்பாக் (1904–1978). அணைவுச் சேர்மக் கோட்பாட்டுக்கு 1913இல் நோபல் பரிசு பெற்ற ஆல்ஃபிரட் வெர்னர் பணியாற்றிய அதே சூரிச் பல்கலைக்கழகத்தில், 1945 முதல் அவர் வெளியிட்ட கட்டுரைத் தொடர் இச்சேர்மங்களின் வலிமையை எண்களாக நிறுவியது. அவ்வலிமையைக் குறிக்கும் நிலைப்புத்தன்மை மாறிலியின் மடக்கை மதிப்பு மக்னீசியத்துக்கு ஏறத்தாழ 8.7, கால்சியத்துக்கு 10.7, துத்தநாகத்துக்கு 16.5, ஈயத்துக்கு 18, மூவிணைதிற இரும்புக்கு 25. மதிப்பு ஒன்று கூடினால் பிணைப்பின் வலிமை பத்து மடங்காகிறது என்பதை எண்ணினால் இவ்வரிசையின் விரிவு புலப்படும்.

வினையின் முடிவைக் கண்ணுக்குக் காட்ட நிறங்காட்டி வேண்டும். ஸ்வார்சன்பாக்கும் பீடர்மனும் 1948இல் அறிமுகப்படுத்திய எரியோகுரோம் பிளாக் டி, கம்பளிக்கு ஏற்றும் சாயங்களுள் ஒன்று. வினைப்பொருளும் நிறங்காட்டியும் சாயத்தொழிலிலிருந்தே வந்து சேர்ந்தன. கடின நீரில் அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசலைச் சேர்த்துப் பி.எச். மதிப்பை 10இல் நிறுத்தி இச்சாயத்தை இட்டால், அது மக்னீசியத்தோடு சேர்ந்து ஒயின் சிவப்பாகிறது. பியூரெட்டிலிருந்து இறங்கும் ஈ.டி.டி.ஏ. முதலில் கால்சியத்தையும் பின்னர் மக்னீசியத்தையும் பற்றி, இறுதியாகச் சாயத்தின் பிடியிலுள்ள மக்னீசியத்தையும் பறித்துக்கொள்ளும்போது சாயம் தன் இயல்பான நீலத்துக்குத் திரும்புகிறது. 0.01 மோலார் கரைசலின் ஒரு மில்லிலிட்டர் 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்பதால், 50 மில்லிலிட்டர் நீருக்கு 15 மில்லிலிட்டர் செலவானால் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கத்தக்க அளவாக 200ஐயும், வேறு நீராதாரம் இல்லாதபோது உச்ச வரம்பாக 600ஐயும் வகுத்துள்ளது.

இச்சாயம் கால்சியத்தை உறுதியாகப் பற்றுவதில்லை என்பதால், மக்னீசியம் அறவே இல்லாத நீரில் நிறமாற்றம் மங்கிவிடுகிறது. அதற்காகத் தாங்கல் கரைசலில் மக்னீசியம்–ஈ.டி.டி.ஏ. சேர்மத்தைச் சிறிது கலந்து வைப்பர். கால்சியம் அதிலிருந்து மக்னீசியத்தை வெளியேற்ற, வெளியேறிய மக்னீசியம் சாயத்தோடு சேர்ந்து சிவப்பைத் தருகிறது. முடிவில் அதே மக்னீசியம் ஈ.டி.டி.ஏ.விடமே மீள்கிறது. கடனாக வந்தது முழுதும் திரும்பிவிடுவதால் கணக்கில் பிழை நேர்வதில்லை.

எல்லாவற்றையும் பற்றும் குணத்தை அடக்கும் கடிவாளங்கள் இரண்டு. முதலாவது பி.எச். அமிலத்தன்மை மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் ஈ.டி.டி.ஏ.வின் முனைகளை அடைத்துக்கொள்வதால், மிக வலிமையான பிணைப்புகளே தாக்குப்பிடிக்கும். மடக்கை மதிப்பு 28ஐ நெருங்கும் பிஸ்மத், பி.எச். 1–2இல் ஈயம் உடனிருக்கும்போதே தனித்து அளக்கப்படுகிறது, பின்னர் பி.எச். மதிப்பை 5–6க்கு உயர்த்தினால் அதே குடுவையில் ஈயத்தையும் அளக்கலாம். இரு நிலைகளிலும் முடிவைக் காட்டும் சைலனால் ஆரஞ்சு, 1956இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கோர்பல், பிர்சிபில் ஆகியோர் தந்த நிறங்காட்டி. மறுதிசையில் பி.எச். மதிப்பை 12க்கு மேல் கொண்டுசென்றால் மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து விலகிவிட, கால்சியம் மட்டும் எஞ்சுகிறது. மொத்தக் கடினத்தன்மையிலிருந்து இதைக் கழித்தால் மக்னீசியத்தின் அளவு கிடைக்கும்.

இரண்டாவது கடிவாளம் மறைத்தல். வேண்டாத உலோகத்தை வேறொரு ஈனியால் கட்டிவைத்து அதை வினைக்கு வராமல் தடுப்பது. டிரைஎத்தனாலமீன் இரும்பையும் அலுமினியத்தையும் மறைக்கிறது. கடும் நச்சாகிய சயனைடு, காரக் கரைசலில் தாமிரம், நிக்கல், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றைக் கட்டுகிறது. பிறகு ஃபார்மால்டிஹைடு சேர்த்தால் துத்தநாகமும் காட்மியமும் விடுபட, நிக்கலும் தாமிரமும் கட்டிலேயே இருக்கின்றன. மெல்ல வினைபுரியும் அலுமினியத்துக்குத் தனி வழி: ஈ.டி.டி.ஏ.வை மிகுதியாக இட்டுக் கொதிக்கவைத்து, எஞ்சியதைத் துத்தநாகக் கரைசலால் பின்தரம்பார்ப்பர்.

1955இல் ஆலன் வால்ஷ் அணு உட்கவர் நிறமாலை முறையை முன்வைத்த பின், நுண்ணளவு உலோகங்களை அளக்கும் பணி மெல்ல மெல்லக் கருவிகளிடம் சென்றது. மில்லியனில் ஒரு பங்கினும் குறைந்த அளவைக் காணப் பியூரெட் ஏற்றதன்று. எனினும் அக்கருவிகள் எதையும் தாமாக அளப்பதில்லை. செறிவு தெரிந்த திட்டக் கரைசல் ஒன்றைக் காட்டிய பிறகே, தெரியாததை அதனோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன. அத்தகைய தனியுலோகத் திட்டக் கரைசல்கள் பலவற்றின் செறிவு இன்றும் ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலாலேயே உறுதி செய்யப்படுகிறது. கருவியின் திரையில் தோன்றும் எண்ணுக்குப் பின்னால் ஒரு கூம்புக் குடுவையும், சிவப்பை நீலமாக்கிய ஒரு துளியும் இருக்கின்றன.