இணையம் பார்த்துச் செய்யும் வீட்டு அலங்காரக் கைவினை: திண்டுக்கல் வட்டாரம்

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் வீட்டில் செய்யப்படும் அலங்காரப் பொருட்கள் பலவற்றுக்கு இன்று மாதிரி கைப்பேசியிலிருந்தே வருகிறது. சீர்த்தட்டு, ஆரத்தித் தட்டு, பட்டு நூல் வளையல், ஜிமிக்கி, வயர் கூடை, காகிதப் பூ, கொலுப்படி அலங்காரம், வாசல் தோரணம் என்று பட்டியல் நீளும். யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ பின்டரெஸ்டிலோ ஒன்றைப் பார்ப்பார்கள். ஃபேன்சி ஸ்டோரில் சாமான் வாங்குவார்கள். வீட்டில் மீந்து கிடப்பதையும் சேர்த்துக்கொண்டு, விசேஷத்துக்கு முதல் நாள் இரவுக்குள் முடித்துவிடுவார்கள். செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதிரி எங்கிருந்து வந்தாலும், அதைச் செய்து முடிக்கும் கைப்பழக்கம் இந்த வட்டாரத்தில் இணையத்துக்கு வெகு முன்பே இருந்தது. இந்தக் கைவினையைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கையில் முன்பே இருந்தது

நிலக்கோட்டையும் திண்டுக்கல்லும் பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர்கள். மல்லிகை, முல்லை, சம்பங்கி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை என்று விடியுமுன் மூட்டைமூட்டையாக வந்து இறங்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் பூத்தொடுப்பதை யாரும் தனியாகக் கற்றுக்கொடுப்பதில்லை. பெண் பிள்ளைகள் பாட்டியின் மடிப்பக்கம் உட்கார்ந்து பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள். இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டு பூவை அந்தப் பக்கமும் காம்போடு காம்பு சேர்த்துப் பிடித்து, விரலில் நாரைச் சுழற்றி ஒரு சுருக்குப் போட்டு இழுத்தால் ஒரு கண்ணி. இழுப்பு அதிகமானால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் பூ உதிரும். எவ்வளவு இழுக்கலாம் என்பதை எழுதிக்காட்ட முடியாது. விரல்தான் அதைக் கற்க வேண்டும்.

இரண்டாவது பழக்கம் சுங்குடி. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில் உள்ள சின்னாளப்பட்டி, கைத்தறிக்கும் சுங்குடிக்கும் பெயர் பெற்றது. துணியை நகக்கண் அளவு கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்தபின் கட்டை அவிழ்த்தால் கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அந்த முடிச்சு வேலையைப் பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்துவந்தார்கள். இப்போது அச்சடித்த சுங்குடி மலிந்துவிட்டாலும், உட்கார்ந்த இடத்தில் மணிக்கணக்காக ஒரே அளவில் முடிச்சுப் போடும் பொறுமை குடும்பங்களில் தங்கியிருக்கிறது.

மூன்றாவது கோலம். கோடு போட்ட நோட்டில் புள்ளி வைத்து, எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று ஓரத்தில் குறித்து, மார்கழிக்கு முன் அக்கம்பக்கத்தில் கைமாற்றிப் பார்த்து வரைந்துகொண்ட கோல நோட்டுகள் ஏராளம். ஒருவர் மாதிரியை இன்னொருவர் எடுத்துத் தன் வாசலுக்கு ஏற்றபடி கூட்டியும் குறைத்தும் போடுவது அப்போதே நடந்தது. பின்டரெஸ்ட் செய்யும் வேலையை எண்பது பக்க நோட்டு முன்பே செய்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

சின்னாளப்பட்டிக்கு அடுத்தே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய இந்நிறுவனம், கைத்தொழிலோடு சேர்ந்த கல்வி என்ற காந்தியின் ஆதாரக் கல்வி எண்ணத்தில் வளர்ந்தது. அங்குள்ள கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கையால் செய்வது படிப்புக்குக் குறைந்ததல்ல என்ற எண்ணத்துக்கு இந்த வட்டாரத்தில் கல்விக்கூடமே ஆதாரமாக நின்றது.

மாதிரி வந்த வழி

முன்பெல்லாம் மங்கையர் மலர், அவள் விகடன் போன்ற இதழ்களின் கைவேலைப் பக்கங்களும், தொலைக்காட்சியின் பிற்பகல் நிகழ்ச்சிகளும்தான் மாதிரி தந்தன. இதழில் ஆறு படம் இருக்கும். மூன்றாவது படத்துக்கும் நான்காவது படத்துக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை வாசகிதான் கண்டுபிடிக்க வேண்டும். யூடியூப் 2005-இலும் பின்டரெஸ்ட் 2010-இலும் வந்துவிட்டன என்றாலும், சிற்றூர் வீடுகளுக்குள் காணொளி தாராளமாக நுழைந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடை இல்லை, வெளியே போக வழியில்லை, கையில் போன் மட்டும் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் குறுங்காணொளிகள் ரீல்ஸ் பக்கம் நகர்ந்தன. பத்து நிமிடப் பாடம் அரை நிமிடமாகச் சுருங்கியதும் அப்போதுதான். அந்தச் சுருக்கம் நல்லதாகப் படவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

சீர்த்தட்டு

இந்த வட்டாரத்தில் வீட்டுக் கைவினை மொத்தமும் ஒரே இடத்தில் கூடும் காட்சி தாய்மாமன் சீர். பெண் பிள்ளைக்குச் சடங்கு என்றாலும் குழந்தைக்குக் காதுகுத்து என்றாலும், தாய்மாமன் வீட்டார் மேளதாளத்தோடு தட்டு ஏந்தி வருவார்கள். தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்: இருபத்தொன்று, ஐம்பத்தொன்று, வசதிப்பட்டவர்கள் நூற்றொன்று. பட்டுச்சேலை, வளையல், மஞ்சள் குங்குமம், பழம், தேங்காய், இனிப்பு, சாக்லேட், அலங்காரச் சாமான் என்று ஒவ்வொரு தட்டிலும் ஒன்று.

முன்பு தட்டில் சாமானை அடுக்கி, மேலே ஒரு பூச்சரம் வைத்தால் போதும். இப்போது துண்டு அன்னமாகிறது, சேலை பொம்மைக்குப் பாவாடையாகிறது, சாக்லேட் கோபுரமாக எழுகிறது, தேங்காய்க்குக் கண்ணும் மீசையும் முளைக்கின்றன. இவற்றின் மாதிரிகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. முதல் நாள் இரவு மாமன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அத்தைமார், சித்திமார், கொழுந்தியாள்கள் உட்கார, நடுவில் போன் ஒரு செம்பின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். “கொஞ்சம் பின்னால தள்ளு மதினி, மடிப்பு எங்க வருதுன்னு பார்ப்போம்” என்பது அந்த இரவின் ஓயாத பேச்சு.

சேலை மடிப்பில்தான் பழைய கை தெரியும். காணொளியில் மடிப்பவர் வைத்திருப்பது வழவழப்பான செயற்கைப் பட்டாக இருக்கும். மாமன் வீட்டில் இருப்பதோ ஜரிகை கனத்த பட்டு. அதே மடிப்பை அதில் போட்டால் ஜரிகையில் நிரந்தரமாக ஒரு கோடு விழுந்துவிடும். விவரம் தெரிந்தவர் மடிப்புக்குள் ஒரு மெல்லிய துணியைச் சுருட்டிவைத்து வளைவாக மடிப்பார். குண்டூசியைத் துணியில் குத்தாமல் நூலால் கட்டுவார். காணொளியில் இது வராது. சேலை நாளைக்கு அந்தப் பெண் உடுத்தப்போவது என்ற நினைப்பு உள்ளவருக்கே இது தோன்றும்.

ஆரத்தித் தட்டின் கதையும் இதுபோன்றதே. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் குபீரென்று சிவக்கிறதே, மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறுவதால் வரும் சிவப்பு அது. அந்த நீரும் ஒரு வெற்றிலையும் கற்பூரமும்தான் பழைய ஆரத்தி. இப்போது தட்டு முழுக்கச் சாயமேற்றிய ஜவ்வரிசியும் அரிசியும் பருப்பும் ஒட்டி மயில், தாமரை, மணமக்கள் பெயர் எல்லாம் செய்கிறார்கள். ஜவ்வரிசிக்குச் சாயம் ஏற்றுவதில் பலர் இடறுவார்கள். தண்ணீர் கூடினால் அது ஊறிக் கூழாகிவிடும்; ஓரிரு துளியில் கரைத்த சாயத்தை உள்ளங்கையில் தேய்த்து நிழலில் உலர்த்த வேண்டும். கல் உப்புக்கு நிறம் ஏற்றிப் பரப்புவதும் உண்டு. வெயில் காலத்தில் அழகாக இருக்கும். ஐப்பசி மழையில் ஈரம் இழுத்துக்கொண்டு நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எத்தனை அலங்காரம் செய்தாலும் நடுவில் ஒரு சிறு கிண்ணத்துக்கு இடம் விட்டே வைக்கிறார்கள். ஆரத்தி எடுத்தபின் வாசலில் கொட்டுவது அந்தக் கிண்ணத்துச் சிவந்த நீரைத்தான்.

வயர் கூடை

இணையத்தால் மறுபிறவி எடுத்த பொருள் இது. மார்க்கெட்டுக்கும் டிபன் கேரியருக்கும் எடுத்துச் சென்ற பிளாஸ்டிக் வயர் கூடை, இலவசமாகக் கிடைத்த கேரி பையால் மூலைக்குப் போயிருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டன. கூடை மறுபடி வெளியே வந்தது. சாதா முடிச்சு தெரிந்தவர்கள் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று காணொளி பார்த்துப் பழகினார்கள்.

அடிப்பாகத்தை வரிசை வரிசையாக முடிந்து, நான்கு பக்கமும் திருப்பி மேலே ஏற்றி, உயரம் வந்ததும் வயர் நுனிகளை உள்பக்கம் முடிச்சுகளுக்குள் செருகி வெட்டி, கடைசியில் கைப்பிடி போடுவது முறை. முடிச்சு எல்லாம் ஒரே இறுக்கத்தில் விழவில்லையென்றால் கூடை ஒருபுறம் சாய்ந்து நிற்கும். பூத்தொடுத்துப் பழகியவர்களின் கூடை முதல் தடவையே நேராக நிற்பதில் வியப்பில்லை. கண்ணியை இறுக்கிய விரல்தானே வயரையும் இறுக்குகிறது.

நூல், காகிதம், பூ

பட்டு நூல் வளையலுக்குப் பழைய பிளாஸ்டிக் வளையலே போதும். நூலை ஓர் அட்டையில் இருபது சுற்றுச் சுற்றி வெட்டி, கிடைக்கும் இழைக் கொத்தை முறுக்கு விழாமல் சீவி, வளையலின் உள்பக்கம் ஒட்டித் தொடங்கி, இடைவெளி தெரியாமல் சுற்றிக்கொண்டே வர வேண்டும். இழை முறுக்கிக்கொண்டால் பளபளப்பு அந்த இடத்தில் செத்துவிடும். மேலே கல் செயின், முத்து, குந்தன். காகிதச் சுருள் ஜிமிக்கி ஒரு காலத்தில் எல்லாக் கல்லூரிப் பெண்களின் காதிலும் ஆடியது. வார்னிஷ் பூசாதவை ஒரே மழையில் போயின. ரவிக்கைகளுக்கான ஆரி வேலை இவற்றைவிடக் கனமான தொழில். அலங்கார விளையாட்டாகத் தொடங்கி வருமானமாக முடிவது பெரும்பாலும் இதுதான்.

மார்கழி, தை மாதப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ விலை ஆயிரங்களில் ஏறும்போது, சாட்டின் ரிப்பன் பூவுக்கும் காகிதப் பூவுக்கும் கிராக்கி கூடும். பூ விளையும் ஊரிலேயே செயற்கைப் பூ செய்கிறார்களே என்று கேட்கத் தோன்றும். ஆனால் எதை எங்கே வைப்பது என்பதில் வீடுகளுக்குத் தெளிவு இருக்கிறது. சுவருக்கும் மேடைப் பின்னணிக்கும் ரிப்பன் பூ. சாமிக்கும் தலைக்கும் அசல் பூ. மாசியில் கோட்டை மாரியம்மன் கோயில் பூச்சொரிதலுக்கு வந்து குவிவது தோட்டத்தில் பறித்த பூவே.

தெர்மாகோல்

இணையத்தில் உள்ள பழைய காணொளிகளில் அரண்மனை, மண்டபம், பெயர்ப்பலகை எல்லாமே தெர்மாகோலில்தான் செய்யப்பட்டிருக்கும். இன்று அது சட்டப்படி ஆகாது. ஒன்றிய அரசின் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2021-இல் வந்த திருத்தத்தின்படி, அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள். பலூனுக்கு வைக்கும் பிளாஸ்டிக் குச்சியும், இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் மேல் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் அதே பட்டியலில் உள்ளன. காணொளி பழையது என்பதால் இந்தச் செய்தி பார்ப்பவரை எட்டுவதில்லை.

மாற்றுக்கு இந்த ஊரில் பஞ்சம் கிடையாது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளிலிருந்து நூல் சுற்றி வரும் அட்டைக் கூம்பு, பொம்மைக்கு உடலாகவும் கோபுரத்துக்கு உருவாகவும் அப்படியே பொருந்தும். தென்னந்தோப்புகளின் கொட்டாங்குச்சியும் குருத்தோலையும் பாளையும், தையல்கடை வெட்டுத்துணியும் இருக்கின்றன. தெர்மாகோலைவிட இவை கனமானவை, வெட்டக் கடினமானவை; ஆனால் அடுத்த விசேஷத்துக்கும் தாங்கும்.

காணொளியில் வராதது

பசை காயும் நேரம் காணொளியில் இருப்பதில்லை. அரை நிமிட ரீலில் வளையல் முடிந்துவிடும். வீட்டில் அது ஒரு ராத்திரி காய வேண்டும். எதிரே உட்கார்ந்து செய்பவரைப் பார்த்துச் செய்தால் இடமும் வலமும் மாறும். முடிச்சு வேலையில் இது பெரிய குழப்பம். மேலிருந்து கையை மட்டும் காட்டும் காணொளியே பழகுவோருக்கு நல்லது. குளிர்நாட்டில் எடுத்த காணொளியை நம்பி க்ளூ கன் பசையில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு, சித்திரை வெயிலில் நின்ற வேனில் தட்டுகளை ஏற்றினால், மண்டபம் சேர்வதற்குள் பசை இளகி முத்தும் கல்லும் தட்டின் அடியில் கிடக்கும். கனமான பொருளை நூலால் கட்டிவிட்டு, பசையைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே இந்த ஊர்ச் சூட்டுக்குச் சரி.

குருத்தோலைத் தோரணத்தில் இன்னொன்று உண்டு. கிளி, விசிறி, பாம்பு என்று ஓலை மடிக்கும் காணொளிகள் இளையவர்களை மறுபடி ஓலைப் பக்கம் திருப்பியிருக்கின்றன. அது நல்ல காரியம். ஆனால் மங்கலத் தோரணத்துக்கும் துக்க வீட்டுத் தோரணத்துக்கும் மடிப்பில் வேறுபாடு உண்டு. எங்கோ இருந்து அழகுக்காக மடிப்பவர் இதைச் சொல்லமாட்டார். வாசலில் கட்டும்முன் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விசேஷம் முடிந்தபின்

தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுப்பதில் தொடங்கி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு ஆர்டர் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுய உதவிக்குழுக்களும், மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களும் தொழிலாக எடுக்க விரும்புவோருக்குக் கைகொடுக்கின்றன. விலை சொல்வதில்தான் பலரும் தயங்குகிறார்கள். நூல், கல், பசை ஆகியவற்றின் காசை எழுதுகிறார்கள். ஒரு ராத்திரி கண்விழித்த கூலியை எழுதுவதில்லை. அந்தக் கூலியையும் தனி வரியாக எழுதினால் ஒழிய இது தொழிலாக நிற்காது.

விற்காதவை வீடு திரும்பும். சீர்த்தட்டு மூன்றாம் நாள் பிரிக்கப்படும். சேலை பீரோவுக்கும், பழம் அக்கம்பக்கத்துக்கும் போகும். அத்தை ஒருத்தி உட்கார்ந்து கல்லையும் முத்தையும் நகத்தால் நெம்பி எடுத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைப்பாள்.