குக்கீ (இணையம்)

குக்கீ என்பது, வலைத்தளம் ஒன்று தன்னிடம் வருபவரின் உலாவியில் எழுதிவைக்கும் சிறு உரைக்குறிப்பு. உலாவி அதே தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் அந்தக் குறிப்பைத் தானாகவே எடுத்து நீட்டும். உள்நுழைந்தவரை நினைவில் வைப்பது, கூடையில் போட்ட பொருளைத் தொலையாமல் காப்பது, தமிழா கன்னடமா என்று கேட்டதற்குச் சொன்ன பதிலை மறக்காமல் இருப்பது எல்லாம் குக்கீயின் வேலை. ஒருவர் எந்தெந்தத் தளங்களில் உலவுகிறார் என்று விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வதற்கும் இதுவே நெடுநாளாகக் கருவியாக இருந்துவருகிறது. குக்கீ நிரல் அன்று. கணினியில் எதையும் இயக்காது, வைரசைப் போலப் பரவாது, மற்றக் கோப்புகளைப் படிக்காது. எழுதுவது தளம், இருப்பதோ பயனரின் கணினியில் அல்லது கைப்பேசியில். அதனால்தான் அதைப் பார்க்கவும் தடுக்கவும் அழிக்கவும் பயனரால் முடிகிறது.

தேவை

வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு இயல்பில் நினைவு கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதியது. ஒரு நொடிக்கு முன்பு கேட்டவரும் இப்போது கேட்பவரும் ஒரே ஆள்தானா என்பது, பக்கத்தை அனுப்பும் கணினியான வழங்கிக்குத் தெரியாது.

பெங்களூரின் தர்ஷினி உணவகங்களில் நின்று சாப்பிட்டவர்களுக்கு இதைச் சமாளிக்கும் வழி பழக்கமானது. கல்லாவில் காசு கொடுத்தால் சீட்டு கிடைக்கும். இட்லி எடுத்துத் தருபவர் ஆளை அறிந்திருக்க வேண்டியதில்லை. சீட்டைப் பார்த்துத் தட்டை நீட்டுவார். குக்கீயும் அப்படி ஒரு சீட்டுத்தான். ஆனால் தர்ஷினிச் சீட்டு பண்டத்தை வாங்கியதோடு முடிந்துவிடும். குக்கீ மாதக்கணக்கில்கூடப் பையிலேயே கிடக்கலாம்.

தோற்றம்

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி குக்கீயை உருவாக்கினார். வாடிக்கையாளர் ஒருவருக்காக இணைய வணிகச் செயலி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் வாங்கல் விவரங்களைத் தன் வழங்கியில் சேர்த்துவைக்க அந்த வாடிக்கையாளர் விரும்பவில்லை. அப்படியானால் அவற்றை வாங்குபவரின் கணினியிலேயே வைத்தால் என்ன என்ற யோசனையிலிருந்து குக்கீ பிறந்தது. யூனிக்ஸ் நிரலாளர்கள், இரு நிரல்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் அடையாளத் துணுக்கை ‘மேஜிக் குக்கீ’ என்று அழைத்துவந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவியின் சோதனைப் பதிப்பிலேயே குக்கீ வசதி இருந்தது. ஒருவர் நெட்ஸ்கேப் தளத்துக்கு முன்பே வந்தவரா, புதியவரா என்று பார்ப்பதே அதன் முதல் பயன்.

உலாவியில் இப்படி ஒன்று எழுதப்படுகிறது என்பது பொதுமக்களுக்குப் பெரிதும் தெரியாமலே இருந்தது. 1996 பிப்ரவரியில் ‘ஃபைனான்சியல் டைம்ஸ்’ நாளிதழ் எழுதிய பிறகே அது பேச்சுக்கு வந்தது. 1997இல் வெளியான முதல் தொழில்நுட்ப வரையறை, மூன்றாம் தரப்புக் குக்கீகளை (பார்க்கும் தளம் அல்லாத வேறொரு நிறுவனம் எழுதுபவற்றை) உலாவிகள் தாமாக ஏற்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. அன்றைய முன்னணி உலாவிகள் இரண்டும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் எழுந்த தனியுரிமைச் சிக்கல்களுக்கு அந்தப் புறக்கணிப்பும் ஒரு காரணம். 2011இல் வந்த வரையறை, நடைமுறையில் நிலைத்துவிட்ட பழக்கங்களை அப்படியே பதிவுசெய்தது.

இயங்கும் விதம்

பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் குடியிருக்கும் ஒருவர், பண்டிகைக்கு ஊர் போவதற்காகப் பேருந்து முன்பதிவுத் தளம் ஒன்றைத் திறக்கிறார் என்று கொள்வோம். பக்கத்தை அனுப்பும் வழங்கி, பதிலின் தலைப்பகுதியில் ‘செட்-குக்கீ’ என்ற வரியையும் சேர்த்து அனுப்பும். அந்த வரியில் ஒரு பெயரும் அதற்கு நேராக ஒரு மதிப்பும் இருக்கும். மதிப்பு 83920417 என்று வைத்துக்கொள்வோம். உலாவி அதைக் குறித்துக்கொள்ளும். அவர் தேதியைத் தேர்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் 83920417 உடன் போகும். இருக்கையைத் தொட்டாலும், பணம் கட்டும் பக்கத்துக்குப் போனாலும் அதே எண்தான். அவருடைய பெயரும் இருக்கை எண்ணும் குக்கீக்குள் இல்லை. அவை வழங்கியின் தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்டிருக்கின்றன. குக்கீ என்பது பேரேட்டின் பக்க எண்; பேரேடு தளத்திடம் இருக்கிறது.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. குக்கீயை அழித்தாலும் தளத்தின் பேரேட்டில் எழுதியது அழியாது. அந்தப் பக்கத்துக்கும் இந்த உலாவிக்குமான தொடர்பு மட்டும் அறும். உள்நுழைந்தவரின் எண்ணை வேறொருவர் களவாடிவிட்டால், கடவுச்சொல் இல்லாமலே அவருடைய கணக்குக்குள் நுழையலாம். 2010இல் வெளியான ‘ஃபயர்ஷீப்’ என்ற உலாவி நீட்சி, பொது வைஃபையில் பக்கத்து இருக்கைக்காரரின் கணக்கை இப்படிப் பிடிப்பது எவ்வளவு எளிது என்று காட்டியது. பெரிய தளங்கள் முழுவதுமாக மறையாக்க இணைப்புக்கு மாற அதுவும் ஒரு தூண்டுகோல்.

குக்கீயோடு சில நிபந்தனைகளையும் தளம் எழுதலாம்: எப்போது காலாவதியாகும், எந்தத் தள முகவரிக்கு மட்டும் செல்லும், மறையாக்கிய இணைப்பில் மட்டும் செல்லுமா, பக்கத்தில் ஓடும் நிரல்கள் அதைப் படிக்கலாமா, பிற தளத்திலிருந்து வரும் வேண்டுகோளோடு போகலாமா. ஒவ்வொரு குக்கீக்கும் குறைந்தது 4096 பைட் இடமாவது உலாவி தரவேண்டும் என்பது 2011 வரையறையின் எதிர்பார்ப்பு. 2022 முதல் குரோம் உலாவி எந்தக் குக்கீயையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

வகைகள்

ஆயுளைக் கொண்டு பார்த்தால் குக்கீ இருவகை. உலாவியை மூடியதும் மறைவது அமர்வுக் குக்கீ. குறித்த நாள்வரை தங்குவது நிலைக் குக்கீ. நோக்கத்தைக் கொண்டு இன்றியமையாதவை, விருப்பங்களை நினைவில் வைப்பவை, வருகையை அளப்பவை, விளம்பரத்துக்கானவை என்று நான்காகப் பிரிப்பது வழக்கம். அனுமதி கேட்கும் பெட்டிகளில் காணும் பிரிவுகள் இவையே.

பயனருக்கு முக்கியமான பிரிவு, எழுதுவது யார் என்பது. முகவரிப் பட்டையில் தெரியும் தளமே எழுதினால் அது முதல் தரப்புக் குக்கீ. அந்தப் பக்கத்தில் பதிந்திருக்கும் விளம்பரம், காணொளி, ‘லைக்’ பொத்தான் போன்றவற்றை அனுப்பும் வேறொரு நிறுவனம் எழுதினால் அது மூன்றாம் தரப்புக் குக்கீ.

பின்தொடரும் விளம்பரம்

மேற்சொன்ன ஒக்கலிபுரத்துப் பயணி டிக்கெட் எடுக்காமல் தளத்தை மூடிவிட்டு, ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்குப் போகிறார். செய்தியின் நடுவே அதே பேருந்து விளம்பரம். பிறகு சமையல் குறிப்பு பார்க்கப் போனாலும் அதே விளம்பரம். மூன்று தளங்களும் தமக்குள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் துணுக்கு பதிந்திருக்கிறது. முதல் தளத்தில் அந்த நிறுவனம் தன் குக்கீயை எழுதியது. மற்ற இரண்டிலும் உலாவி அதை அந்த நிறுவனத்திடம் திருப்பி நீட்டியது. வந்தவரின் பெயர் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்கலாம்; ஆனால் அவர் ஊருக்குப் போகவிருப்பதும், எந்தச் செய்தியைப் படித்தார் என்பதும், இரவுச் சமையலுக்கு என்ன தேடினார் என்பதும் ஒரே எண்ணின் கீழ் சேர்ந்துவிட்டன. எந்தக் கடைக்காரரும் தனியாக அறிய முடியாததை, எல்லாக் கடை வாசலிலும் நிற்கும் ஒருவர் அறிகிறார்.

இந்த முறையை வளர்த்த முன்னோடிகளில் ஒன்றான டபுள்கிளிக் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் 2007இல் அறிவித்தது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முற்றிலும் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கீப் பெட்டி வைத்து, ஒரு தளத்தில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாதபடி செய்தது. கூகுளும் தன் குரோம் உலாவியில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் நிறுத்துவதாக 2020 ஜனவரியில் சொல்லி, தவணைகளைத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

இந்தியச் சட்டம்

தனியுரிமையை இந்தியாவில் அடிப்படை உரிமையாக நிலைநாட்டிய வழக்கு பெங்களூர்க்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புட்டசாமி 2024 அக்டோபரில் தமது 98ஆம் வயதில் பெங்களூரில் காலமானார்.

அந்தத் தீர்ப்பின் வழித்தோன்றலான எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டத்தின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அன்றிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. குக்கீ என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு குக்கீ எண் குறிப்பிட்ட மனிதரை இனங்காட்டுமானால், அதோடு சேர்ந்தவை தனிநபர் தரவாகின்றன. ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டு அவற்றைக் கையாளும்போது அந்த ஒப்புதல் சுயமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் தெரிந்தும், ஐயத்துக்கு இடமின்றியும் தரப்பட்டதாக இருக்கவேண்டும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும். எதற்கு ஒப்புதல் கேட்கிறார்கள் என்ற அறிவிப்பை, ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் 22இல் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தரவேண்டும்; தமிழும் கன்னடமும் அவற்றில் உண்டு. 18 வயது நிறையாதவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும், விதிவிலக்குகள் நீங்கலாக, தடைசெய்யப்பட்டுள்ளன. தரவுக்குப் போதிய பாதுகாப்புத் தராத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம்.

பயனரைத் திசைதிருப்பும் திரை வடிவமைப்புகள் 13 வகையை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பட்டியலிடுகின்றன. ஒரு தேர்வை முன்னிறுத்தி மற்றதை மங்கலாக்கும் உத்தி அவற்றில் ஒன்று.

அனுமதிப் பெட்டி

இந்தியப் பயனரும் அன்றாடம் காணும் குக்கீ அனுமதிப் பெட்டி, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களால் பிறந்தது. 2009இல் திருத்தப்பட்ட மின்தனியுரிமை நெறி, இன்றியமையாதவை தவிர மற்றக் குக்கீகளுக்கு முன்ஒப்புதல் கேட்கச் சொன்னது. 2018இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி, ஒப்புதலின் தரத்தைக் கடுமையாக்கியது. முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காகப் பிரான்சின் தரவுக் காவல் ஆணையம், கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

பயனரின் கட்டுப்பாடு

*தளத்தில்.* பெட்டியில் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பளிச்சென்று இருக்கும். மறுக்கும் வழி பல தளங்களில் ‘அமைப்புகள்’ போன்ற சொல்லின் பின்னால் இருக்கும். இன்றியமையாதவற்றை மட்டும் ஏற்றாலும் பெரும்பாலான தளங்கள் குறையின்றி இயங்கும். மறுத்தார் என்ற செய்தியையும் தளம் வழக்கமாக ஒரு குக்கீயில்தான் எழுதிவைக்கிறது. அதனால் எல்லாக் குக்கீகளையும் அழித்தவரிடம் அதே கேள்வி மறுபடி வரும்.

*உலாவியில்.* குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி அனைத்திலும் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதி உண்டு. மூன்றாம் தரப்புக் குக்கீகளை அங்கே தடுக்கலாம். ஒரே தளத்தின் குக்கீகளை மட்டும் தேடி அழிக்கலாம். சில உலாவிகளில் மூடும்போதெல்லாம் அழியும்படியும் வைக்கலாம். முதல் தரப்புக் குக்கீகளையும் சேர்த்துத் தடுத்தால் உள்நுழைவே நடக்காது. எல்லாவற்றையும் அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவோம். வங்கித் தளம் நம் கருவியைப் புதியது என்று எண்ணி மறுபடி ஓ.டி.பி. கேட்கலாம். கண்காணிக்கும் தளங்களின் குக்கீகளை மட்டும் தேர்ந்து அழிப்பது வசதி.

*மறைநிலையில்.* மறைநிலைச் சாளரத்தில் சேரும் குக்கீகள், அத்தகைய சாளரங்கள் எல்லாம் மூடப்பட்டதும் அழியும். இணையச் சேவை நிறுவனத்தின் கண்ணிலிருந்தோ, உள்நுழைந்த தளத்தின் கண்ணிலிருந்தோ அது மறைக்காது.

*பொதுக் கணினியில்.* பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுபவர்கள் வேலை முடிந்ததும் வெளியேறு பொத்தானை அழுத்தவேண்டும்; சாளரத்தை மூடினால் மட்டும் போதாது. நிலைக் குக்கீ தங்கிவிட்டால், அடுத்து உட்காருபவருக்கு முன்னவரின் கணக்கு திறந்தே கிடக்கும். 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள் கடைக்காரரை வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும் பதிவேடு வைக்கவும் சொல்கின்றன. உலாவியில் விட்டுச்சென்றதைத் துடைப்பது பயனரின் பொறுப்பாகவே இருக்கிறது.

*குறிப்பலை வழியே.* ‘என்னைப் பின்தொடராதே’ என்று எல்லாத் தளங்களுக்கும் உலாவி சொல்லும் ஏற்பாடு 2009 முதல் முயலப்பட்டது. தளங்கள் மதிக்காததால் தோற்றது. ‘உலகளாவிய தனியுரிமைக் கட்டுப்பாடு’ என்ற பிந்தைய குறிப்பலைக்குக் கலிபோர்னியாவில் சட்ட வலு உண்டு.

குக்கீ அல்லாத தடங்கள்

கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் குக்கீயை நம்புவதில்லை. கருவிக்கென உள்ள விளம்பர அடையாள எண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டில் அதை அமைப்புகளில் நீக்கலாம். ஐபோனில் 2021 முதல் ஒவ்வொரு செயலியும் பின்தொடர அனுமதி கேட்டாகவேண்டும். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், வரைகலைச் சில்லின் இயல்பு முதலியவற்றைக் கூட்டிப் பார்த்து ஓர் உலாவியை இனங்காண்பது ‘உலாவிக் கைரேகை’. இதற்குப் பயனரின் கருவியில் எதையும் எழுதிவைக்கத் தேவையில்லை. குக்கீ கையில் தரப்பட்ட சீட்டு. வேண்டாம் என்றால் கிழித்துப் போடலாம். கைரேகையிலோ வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறார். கிழிக்கச் சீட்டே இல்லை.