உடன் தங்கியவள்

மனநோய் மருத்துவத்தின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் நான் தேடுவது நோயாளியோடு உடன் தங்கியவளை.

1871இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஆங்கில அரசு மனநலக் காப்பகம் திறந்தபோது, சுவருக்குள் அடைத்து வைப்பதே முறையாக இருந்தது. 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு உறவினர்களைத் தங்க வைத்தார். வேலூர் சிஎம்சி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை நினைத்தால், இந்த மாற்றத்தின் அருமை புரியும்.

ஆனால் அந்த ‘வீட்டார் ஒருவர்’ யார்? பெரும்பாலும் அம்மா, மனைவி, அக்கா. மேற்கு வங்கத்திலிருந்து ஒரு நாளுக்கும் மேல் ரயிலில் வேலூர் வந்து, வாடகைக்கு அறை தேடி, மகனின் காதில் கேட்கும் குரல்களை இன்னொருவரின் மொழிபெயர்ப்பில் மருத்துவரிடம் சொல்லும் தாய்க்கு இது பிழைப்புக்காக இல்லாத புலம்பெயர்வு.

எங்கள் மாதனூர்ப் பெண்ணுக்குப் பாகாயம் பக்கம்தான், மொழியும் தடையில்லை. ஆனால் ஷூ கம்பெனிக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். கணவனுக்கு மாத்திரை வாங்கும் பணமும் அந்தக் கூலிதான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடும்பத்துக்கு ஆதரவுச் சேவை வேண்டும் என்கிறது. அவள் இழந்த கூலியைப் பற்றிப் பேசவில்லை. ‘குடும்பம் பார்த்துக்கொண்டது’ என்று எழுதும் இடத்திலெல்லாம், பார்த்துக்கொண்டவள் யார், எத்தனை நாள், எந்த வேலையை விட்டு என்றும் சேர்த்து எழுத வேண்டும்.