வேங்கடத்துப் படிவழி

மலையேறுதலை ஒரு பொழுதுபோக்காகப் போற்றுவோர் ஆல்ப்ஸ் மலையையே முதலில் நினைப்பர். அதன் சிகரங்களில் ஏறிப் பழகிய ஆங்கிலேயர் 1857ஆம் ஆண்டில் லண்டனில் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் வேங்கட மலையை வழிபாட்டுக்காக ஏறி வந்தனர்.

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது இம்மலையையே. திருமலைக் கல்வெட்டுக்களுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1513ஆம் ஆண்டு தொடங்கி ஏழு முறை இங்கு வந்து வழிபட்டார் கிருஷ்ணதேவராயர். அந்நாளில் மலைமேல் வண்டி செல்லும் பாதை இல்லை. வலுவுடையோர் நடந்தனர், அல்லாதார் டோலியில் சென்றனர்.

நடைவழிகள் இரண்டு. திருப்பதியின் அலிபிரியில் தொடங்குவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் உடையது. சந்திரகிரிப் பக்கத்தில், சீனிவாசமங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு 2,388 படிகளே கொண்டது, தூரம் குறைவு. அலிபிரி வழியின் கடும் ஏற்றமொன்றைத் தமிழர் 'முழங்கால் முறிச்சான்' என்றனர். தெலுங்கரும் முழங்காலைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். மலையைக் காலால் மிதிக்க அஞ்சிய இராமானுசர் முழங்காலால் ஏறிய இடம் அது என்பது வைணவ மரபு. மொழி இரண்டாயினும் மூச்சு வாங்கும் இடம் ஒன்றே!

1944ஆம் ஆண்டில் மலைப்பாதை திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாவது பாதையும் அமைந்தது. கட்டாயமாக இருந்த நடை அன்றுமுதல் விருப்பமாயிற்று. ஆயினும் படிவழி பாழாகவில்லை. இதற்கிடையே நாட்டின் எல்லைகள் மாறின. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருப்பதி அதனுட் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை எங்கே நின்றாலும் தமிழரும் தெலுங்கரும் ஒரே படியில் ஏறுவது நிற்கவில்லை.

வழிபாட்டோடு இயற்கையையும் காண விழைவோர்க்கு இங்கு விருந்துண்டு. கோயிலுக்கு அணித்தே, இயற்கையே செதுக்கிய கல்தோரணம் நிற்கிறது. மலைப்பாதை ஓரத்துப் பாறைச் சுவரில், அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளுக்கு இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் மறைந்து கிடப்பதை நிலவியலார் கண்டுள்ளனர். செம்மரம் வளரும் இச்சேஷாசலக் காடு 2010ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

காடு என்பதை மறத்தலாகாது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு குழந்தை சிறுத்தைக்கு இரையாயிற்று. அதன் பின்னர்ச் சிறுவர் நடந்து செல்லும் நேரம் வரையறுக்கப்பட்டது. நடப்போர்க்குக் கோல்கள் வழங்கப்பட்டன. ஆதலின் பகற்பொழுதில், கூட்டமாகச் செல்வதே அறிவுடைமை.

அயல் மாநிலங்களில் வாழும் நேயர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் மலையை நடந்து ஏறினாலன்றித் தமிழ் நிலத்தின் பழைய வாயில் எத்துணை உயரமானது என்பது விளங்காது.