சுண்ணாம்புக் கம்பத்தில் கற்ற வித்தை

சிங்கப்பூரில் இளைஞர்களுக்குத் தொழில் கற்பித்த சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1929ஆம் ஆண்டு ஸ்காட்ஸ் சாலையில் அரசாங்கம் திறந்த தொழிற்பள்ளியிலிருந்து தொடங்குவது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அதற்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டு, 1825இல் பென்கூலனிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளிடமிருந்தே அது தொடங்கப்பட வேண்டும்.

காடு வெட்டவும் சாலை போடவுமே முதலில் ஏவப்பட்ட அம்மனிதர்களுக்கு, நாளடைவில் பிராஸ் பசா சிறைச்சாலையிலேயே தச்சு, கொல்லு, கல்வேலை, கொத்துவேலை ஆகியவை முறையாகக் கற்பிக்கப்பட்டன. ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்த கைதிகளில் நன்னடத்தையுடையவர் படிப்படியாக மேல்வகுப்புக்கு உயர்ந்தனர். அவர்களுள் தகுதியுடையோரே மற்றவர்களுக்குக் காவலராகவும் நியமிக்கப்பட்டனர். 1858 முதல் சிராங்கூன் சாலைச் சூளையில் அவர்கள் அறுத்துச் சுட்ட செங்கல், 1867ஆம் ஆண்டு ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் பதக்கம் பெற்றது. சுண்ணாம்புச் சூளைகளும் இருந்த அவ்வட்டாரத்து வீரமாகாளியம்மன் ஆலயத்தைப் பழைய தலைமுறையினர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில், அதாவது சுண்ணாம்புக் கிராமத்துக் கோயில், என்றே சொல்லி வந்தனர்.

கர்னல் மக்பர்சன் வரைந்த அமைப்பின்படி 1856இல் தொடங்கிய புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சாந்தைப் பூசி, உலர்ந்தபின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய கைகள் இந்தக் கைதிகளுடையவை. சென்னைப் பக்கத்துக் கொத்தனார்கள் பரம்பரையாக அறிந்திருந்த அந்த நுட்பம், குற்றவாளிகள் என்று நாடுகடத்தப்பட்டவர்களின் கையில் கடல் தாண்டி நிலைபெற்றது. இன்றைய இஸ்தானா மாளிகையும் அவர்கள் உழைப்பால் எழுந்ததே.

1873இல் இந்தக் கைதிகள் சிறை அமைப்பு கலைக்கப்பட்டது. விடுதலை பெற்று இங்கேயே தங்கியவர் பலர், சிறையில் கற்ற வித்தையைக் கொண்டே கௌரவமாக ஜீவித்தனர். ஆனால், எக்குற்றமும் செய்யாத ஏழைத் தொழிலாளியின் மகன், தகப்பனிடமோ ஒரு மேஸ்திரியிடமோ ஒட்டிக்கொண்டு தொழில் பழகுவதைத் தவிர வேறு கதியின்றி நின்றான். அவனுக்கென அரசாங்கத் தொழிற்பள்ளி ஒன்று திறக்கப்பட ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்தன. சிறைப்பட்டவனுக்குக் கிடைத்த கல்வி சுதந்திர மனிதனுக்குக் கிடைக்காமற்போன அந்த இடைக்காலத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை மேலிடுகிறது. இரண்டாம் தொழிற்பள்ளி பாலஸ்டியரில் 1948இல்தான் வந்தது.

பிறகு அவசரமே ஆசானாயிற்று. தேசிய வருமானத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்குக்கு ஆதாரமாயிருந்த பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படும் என்று 1968 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த ஏராளமான இந்தியக் குடும்பங்கள் திகைத்தன. அவ்வாண்டிலேயே கல்வி அமைச்சில் தொழில்நுட்பக் கல்விக்கெனத் தனி இலாகா தோன்றிற்று. 1973இல் தொழிற்பயிற்சி வாரியமும், 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் அதனைத் தொடர்ந்தன.

இவ்வரிசையில் நான் பெரிதும் மதிப்பது, இந்தியாவின் டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து அரசாங்கம் 1972இல் நிறுவிய பயிற்சி நிலையத்தை. நுண்ணிய கருவிகள் செய்யும் வித்தையை அங்கே இளைஞர்கள் பட்டறையிலேயே உழைத்துக் கற்றனர்; நிறுவனம் தன் தேவைக்கு மட்டுமன்றிப் பிற ஆலைகளுக்காகவும் ஆட்களைப் பயிற்றுவித்தது. பின்னர் ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடும் அதே ஏற்பாடு செய்துகொள்ளப்பட்டது.